பிழைத்த எழுத்து

புதன்கிழமை பின்னேரம் நாலு மணி பத்துக்குத்தான் எல்லாம் பிழைக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தால் வந்த என் மகள் சாளினி, கதவடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, ஏரிக்கரையில அன்னம் ஒண்டு படுத்திருந்தது. தடவிவிட்டனான். எழும்பேல்லை" என்றாள். இந்த ஜேர்மன் சிற்றூருக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய அதிசயம் இந்த அன்னங்கள்தான். கோயில் சிற்பத்தில் மட்டும் நாங்கள் கண்ட பறவை, இங்கே பாண் துண்டுக்காக மனிதர் காலடிக்கு நடந்து வரும். அந்தக் குளிர்காலம் அவை செத்துக் கரையொதுங்கின. பறவைக் காய்ச்சல் என்றார்கள். வடக்குக் கரையோரம் ஒரு பூனையும் செத்ததாகச் செய்தி வந்தது. அயலவர்கள் அன்னங்களுக்காக வருந்தினார்கள். என்னைப் பயப்படுத்தியது அந்தப் பூனை.

திருகோணமலையில் நான் உயிரியல் படிப்பித்தேன். வகுப்பறை யன்னலால் துறைமுகம் தெரியும். கடற்படைப் படகுகள் விரைந்தால் பிள்ளைகளின் கண்களும் அவற்றோடு போய்விடும். கிருமி குடியேறும் உடலை எங்கள் பாடநூல் 'விருந்துவழங்கி' என்று சொன்னது. கிருமியின் மரபெழுத்து மாறுவதை 'விகாரம்' என்றது. "விகாரமெண்டால் வடிவில்லாததோ ரீச்சர்?" என்று கிளிவெட்டி ஊர்ப் பிள்ளையொருத்தி கேட்டு வகுப்பைச் சிரிக்கவைத்தாள். "இல்லைப் பிள்ளை, நீர் பக்கத்துக் கொப்பியைப் பாத்தெழுதேக்க விடுற பிழை மாதிரி" என்றேன். கிருமி தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் விடும். அநேகமானவை அதற்கே கேடு. எப்போதாவது ஒரு பிழை அதற்கு வழிவிடும். பறவையின் சூடான உடலில் மட்டும் பெருகியது எங்கள் மூக்கின் குளிர்ச்சியிலும் பெருகும். இன்னொரு பிழையால் அதன் திறப்பு எங்கள் தொண்டையின் பூட்டுக்குப் பொருந்தும். பூனைக்குள் போனதற்கு எத்தனை எழுத்து மாறியிருக்கும் என்றே யோசித்தேன்.

துறைமுகக் கந்தோரில் வேலை செய்த என் கணவருக்கு ஓரெழுத்து மாறவேயில்லை. வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய' என்பார்கள். நாங்கள் 'அம்பு' என்னும்போது நடுவில் வருகிற மெல்லிய ஒலி அந்தச் சொல்லின் முதலில் வரவேண்டும். தமிழ் நாக்கில் அது வல்லொலியாக வெடித்துவிடும். கலவர நாட்களில் தமிழர் யாரென்று பிரித்தறிய அதைத்தான் சொல்லச் சொல்வார்கள். குசினியில் வைத்து அவரைப் பழக்கினேன்.

"உதட்டை மெல்லமாத் திறவுங்கோ."

"இவ்வளவு காலம் கந்தோரில சிங்களம் கதைக்கிறன். ஒரு வாளிக்காக என்னை முதலாம் வகுப்பில விடுறீரோ ரீச்சர்?"

"பகிடி விடாமல் சொல்லுங்கோ."

சொன்னார். வெடித்தது. இருவரும் சிரித்தோம்.

ஒரு காலை சந்தையடியில் ஒரு கூட்டம் அவரை மறித்தது. பக்கத்தில் நின்ற மரக்கறிக்காரர் வீட்டுக்கு வந்து, "சிங்களம் நல்லாத்தான் கதைச்சவர் அக்கா. கடைசியில அந்தச் சொல்லைக் கேட்டவங்கள்" என்றார். என் கணவர் வீடு திரும்பவேயில்லை. சாளினி அப்போது கைக்குழந்தை.

சனிக்கிழமை சாளினிக்கு உடம்பு கொதித்தது. அவசர இலக்கத்துக்கு அழைத்து அன்னத்தையும் காய்ச்சலையும் சொன்னேன். வெளியே வரவேண்டாம், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். வீதியின் பெயர் கேட்டார்கள். 'பெர்க்வேக்' என்றேன். நெடுநேரமாகியும் ஒருவரும் வரவில்லை. திரும்பவும் அழைத்தேன்.

"போய்ப் பார்த்தார்கள். பார்க்வேக்கில் அப்படி ஒரு வீடு இல்லையாம்."

"பார்க் இல்லை, பெர்க்."

"அதைத்தானே நானும் சொல்கிறேன், பார்க்."

அந்த வாளிச் சொல்லைப் போலவே இதற்கும் முதலில் மெல்லிய ஒலி வேண்டும். எத்தனை முறை சொல்லியும் என் உதட்டில் அதே வல்லொலிதான் வெடித்தது. ஒரு கட்டத்தில் என் கணவரே என் குரலில் சொல்வதுபோல் இருந்தது. சாளினி போர்வையோடு எழும்பிவந்து ரெலிபோனை வாங்கி, 'பெர்க்வேக்' என்றாள். ஒரே தடவை. இலை நீரில் விழுவதுபோல் மெல்லிய ஒலி. அந்தப் பக்கத்தில் உடனே விளங்கிவிட்டது.

"ஏனம்மா அழுறீங்கள்? இனி வருவினம்."

"ஓம் பிள்ளை, நீர் போய்ப் படும்."

தகப்பனுக்கு மாறாத எழுத்து மகளுக்கு மாறியிருந்தது. எப்போது மாறியதென்று கூட இருந்த எனக்கே தெரியவில்லை. எங்கள் மொழியில் பிழைத்தல் என்றால் தவறுவதும்தான், உயிர் தப்புவதும்தான். சந்தையடியில் நின்றிருந்தால் அவள் தப்பியிருப்பாள். அவருடைய குரலிலிருந்து அவள் ஓரெழுத்துத் தூரம் போயுமிருந்தாள். சந்தோசப்படவும் முடியவில்லை, அழுகையை நிறுத்தவும் முடியவில்லை. புலம்பெயர்ந்த உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முகக்கவசத்தோடு வந்த ஒரு பெண் வைத்தியர் அவளுடைய மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப்போனார். முடிவு வரும்வரை அவள் மூச்சைக் கேட்டபடி கட்டிலடியில் கிடந்தேன். திங்கட்கிழமை அவரே திரும்பி வந்தார், முகக்கவசம் இல்லாமல். எனக்கு விளங்கவேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக ஆறுதலாகச் சொன்னார்:

"பறவையின் கிருமி இல்லை. இங்கே எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான்."