மஞ்சள் மீன் பார்த்த நாள்

கடல் கடந்துபோய் மொம்பாசாவில் கடை வைத்திருந்த பெரியத்தா, என் அத்தாவின் அண்ணன், நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் முத்துப்பேட்டைக்கு வந்து இறங்கினார். மறுநாள் காலை ஆப்பத்தைப் பிட்டுக்கொண்டே, "வயலப் பாத்துட்டு வந்துரலாமா தம்பி?" என்றார். அவர் அனுப்பிய பணத்தில் அத்தா வாங்கிய வயல் அது. அத்தாவுக்குப் புரையேறியது.

"வயல் எங்கண்ணே ஓடிப் போவுது? மொதல்ல கடலுக்குப் போவோம்."

எனக்கு ஆச்சரியம். அத்தாவுக்குக் கடல் என்றால் கருவாட்டு விலை, அவ்வளவுதான். உல்லாசத்துக்கு அவர் கடல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

பெரியத்தாவோ குதூகலமாகப் பெட்டியைத் திறந்து, கண்ணாடி பதித்த ரப்பர் முகமூடியையும் வாயில் கவ்வும் வளைந்த குழாயையும் எடுத்தார். மொம்பாசாவில் விடுமுறை நாளென்றால் பாய்ப்படகில் போவார்களாம். பவளப்பாறைக்கு மேலே நங்கூரம் போட்டு, இதை மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தால், மஞ்சள் மீனும் ஊதா மீனும் மூக்கருகே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகுமாம். அடியில் ஊசி விழுந்தாலும் தெரியும்படி அவ்வளவு தெளிந்த தண்ணீராம்.

"நம்ம கடல்லயும் இல்லாமலா இருக்கும்? நாமதான் குனிஞ்சு பாக்குறதில்ல" என்றார். யாரும் மறுக்கவில்லை.

தேங்காய்ச் சோறும் பொரித்த இறாலும் கட்டிக்கொண்டு, பாய்மரத் தோணி ஒன்றைப் பேசி, அலையாத்திக் காட்டைத் தாண்டிக் காயலுக்குப் போனோம். வயலுக்குக் கொடுத்தது போக மிச்ச வண்டலையெல்லாம் காவிரி கொண்டுவந்து கொட்டும் இடம் அது. தண்ணீர் பால் தூக்கலான டீயைப் போல இருந்தது.

முதலில் அத்தா குதித்தார். கைலி குடையாக விரிந்து அவரைச் சுற்றி மிதந்தது. சற்று நேரத்தில் தலையைத் தூக்கி, "மஞ்ச மீனுண்ணே!" என்று கூவினார்.

"பட்ட போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சுண்ணே, கறுப்புப் பட்ட!"

அம்மா தண்ணீரில் இறங்க மறுத்தாள். நான் காலைப் பிடித்துக்கொள்ள, தோணி விளிம்பில் கவிழ்ந்து தலையை மட்டும் நனைத்தாள். குழாயில் புகுந்த தண்ணீரையெல்லாம் குடித்து எழுந்து, இருமலுக்கு நடுவே "ஊதா" என்றாள். தோணிக்காரரும் எட்டிப் பார்த்தார். "பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணியிலதான் கெடக்கேன். இப்படி ஒரு மீனக் கண்டதே இல்லீங்க" என்று உண்மையைச் சொன்னார். பெரியத்தா பூரித்துப்போனார்.

என் முறை வந்தது. டீயைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒன்று நெளிந்தது, அது என் கால் கட்டைவிரல். எனக்குத்தான் கண் கெட்டுவிட்டது என்று பயந்துபோய், "பச்ச" என்றேன். மிச்சமிருந்த நிறம் அதுதான்.

கடைசியாகப் பெரியத்தா இறங்கினார். நெடுநேரம் அவருடைய முதுகும் குழாயும் மட்டுமே வெளியே தெரிந்தன. ஏறி வந்து துடைத்துக்கொண்டு, "எல்லாம் இருக்கு" என்றார்.

திரும்பும் வழியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். "பெரியத்தா, திரும்ப எப்ப போவீங்க? என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பெரியத்தா கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தார். "அங்க என்ன இருக்கு புள்ள, போறதுக்கு? அந்த நாட்டுக்காரங்க மட்டுந்தான் கட வைக்கலாம்னு சட்டம் வந்துருச்சு. பூட்டிட்டு வந்துட்டேன்."

அத்தாவும் கையிலிருந்த சோற்றைப் பொட்டலத்திலேயே போட்டார். பிறகு, "வயலும் இல்லண்ணே" என்றார். "குத்தகைக்காரங்க வரப்புல கொடி நட்டுட்டாங்க. உழுறவனுக்குத்தான் நெலம்னுட்டாங்க. ரெண்டு போகமா நெல்லு அளக்கல. எப்படிச் சொல்றதுன்னுதான்…"

பாய் படபடத்தது. பெரியத்தா தம்பியை உற்றுப் பார்த்தார்.

"அப்ப அந்த மஞ்ச மீனு?"

"அதுவும் இல்லண்ணே."

முதலில் பெரியத்தாவின் வயிறு குலுங்கியது. பிறகு அத்தாவுக்குத் தொற்றிக்கொண்டது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அவர்கள் சிரித்த சிரிப்பில் தோணி ஒருபக்கம் சாய்ந்தது. "ஆடாதீங்க, கவுந்துரும்!" என்று தோணிக்காரர் சத்தம் போட்டார்.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் நானும் சிரித்தேன். அம்மா மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அவளும் சிரிக்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.