அத்தைக்கு ரம்பம் பார்த்த நாள்

எங்கள் ஊரில் யார் வீட்டுக் கூரைமேலாவது மரம் சாய்ந்தால், "இடியைக் கூப்பிடுங்க" என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், மரம் விழுந்தது போதாதா என்று பதறுவார்கள். இடி என்பது என் அத்தை, அப்பாவின் அக்கா. சாய்ந்த மரத்தையும் காய்ந்த கிளையையும் அறுத்து இறக்குவது அவள் தொழில். மோட்டார் ரம்பம் பிடித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. குரலும் அந்த இரைச்சலோடு போட்டி போட்டே வளர்ந்தது. ரகசியம் சொன்னால்கூட எதிர்வீட்டில் பதில் வரும்.

நானும் பள்ளிக்கூடமும் ஒன்பதாம் வகுப்பில் பேசிப் பிரிந்துவிட்டோம். அதிலிருந்து அத்தை வீட்டு மாடியறைதான் எனக்கு. அங்கே தினமும் காலையில் ஒரு காட்சி நடக்கும். அத்தை சுடிதார்மேல் வேலைச்சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பாள். மாமா வந்து ஆறு பித்தான்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவார்.

"இந்த வயசுல என்ன கொஞ்சல் இது? எனக்குக் கண்ணு கூசுது" என்பேன்.

"கூசினா மூடிக்கோடி. உன்னை யாரு பாக்கச் சொன்னா?" என்பாள் அத்தை.

மாமா வாயைத் திறக்கமாட்டார். அவர் பேசுவது மாதத்துக்கு நாலு வாக்கியம். அதிலும் இரண்டு, "ம்".

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கிற கையா என் கை? துணி காயப்போடும் கிளிப்புகளில் இருப்பதிலேயே வெடுக்கென்று கடிக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பூனை மாதிரி போய், அவளுடைய வலது சுண்டுவிரலில் மாட்டிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஓடினேன். இப்போது இடிக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

இடிக்கவில்லை. அத்தை பக்கம் திருப்பினாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். கிளிப்பும் அவளோடு போய்விட்டு வந்தது. நான் சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

மாமா உள்ளே வந்தார். அவள் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திட்டாமல் கிளிப்பைக் கழற்றினார். விரலில் இரண்டு பள்ளம். அத்தை அதை அப்போதுதான் பார்த்தாள். இடது கையால் அந்தப் பள்ளங்களை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். காலைக் காட்சி கொஞ்சல் இல்லை என்பது என் மரமண்டைக்கும் அப்போதுதான் எட்டியது.

மறுநாள் மாமா அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நானும் வால் மாதிரி கூடவே போனேன். டாக்டரம்மா விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். குளிரில் சுண்ணாம்பாக வெளுக்கிறதா என்று கேட்டார். வெளுக்கும் என்றாள் அத்தை, மூன்றாம் முறை கேட்டபிறகு.

"மிஷின் அதிர்ற அதிர்வுதாம்மா நரம்பைச் சாப்பிடுது. அதிர்வு கம்மியான மிஷினுக்கு மாறுங்க, நடுநடுவுல கைக்கு ஓய்வு குடுங்க. இதே மிஷின்னா, தொழிலை விட்டுடுங்க. இல்லேன்னா விரல் போனது போனதுதான்."

"தொழிலை விட்டுட்டு? வீட்டுல உக்காந்து இவ மூஞ்சியைப் பாக்கறதா?" என்றாள் அத்தை.

மாமா ஒரு முழு வாக்கியம் பேசினார். "நாளைக்கு மிஷின் வாங்கறோம்."

ஆனால் மறுநாள் அவருக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. "நீ போ" என்று என்னிடம் சொன்னார். அந்த இரண்டு சொல்லில் என் தலைமேல் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டார்.

வழியெல்லாம் அத்தை தன் கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இருக்கறதுலயே பெரிய மிஷினா வாங்கிடுவோம். பெருசுன்னா சீக்கிரம் அறுக்கும். சீக்கிரம் முடிஞ்சா கை கொஞ்ச நேரந்தானே ஆடும்?"

இருபத்திரண்டு வருடம் மரம் அறுத்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கணக்கு இது. பாதி தூரம் வரை எனக்கே சரியென்று பட்டது.

கடையின் பின்கட்டில் ஒரு தடித்த மரத்துண்டைத் தாங்கியில் படுக்கவைத்திருப்பார்கள். ரம்பம் பார்க்க வருகிறவர்கள் அதன் முனையில் தோசை மாதிரி ஒரு வட்டு அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். நன்றாக வந்த வட்டில் பெயர் எழுதிக் கடைக்காரர் சுவரில் ஆணி அடித்து வைப்பார். வட்டு மெலிய மெலியக் கைக்கு மரியாதை. பத்து வருடமாக அந்தச் சுவரில் இருப்பதிலேயே மெலிந்தது அத்தையின் வட்டுதான். அத்தையிடம் மெலிந்த பொருள் அது ஒன்றுதான் என்று நான் சொல்லி உதை வாங்கியிருக்கிறேன்.

அத்தை நேராகப் போய்ப் பெரிய சிவப்பு ரம்பத்தைத் தூக்கினாள்.

"லேசா இருக்குல்லம்மா?" என்றார் கடைக்காரர்.

"காலி வயித்தோட எல்லாருந்தான் லேசு. பெட்ரோலும் ஆயிலும் ரொப்பிட்டுப் பேசுங்க."

அவர் நிரப்பும்போது நான் அவள் காதருகே போனேன். "அத்தை, ஒரு பந்தயம். அறுத்து முடிச்சதும் உன் சட்டைப் பித்தான் ஆறையும் நான் கழட்டிவிடுவேன், அதே கையோட நீயே போடணும். போட்டுட்டா ஒரு வாரம் நான் வாயே திறக்கமாட்டேன்."

அத்தையின் கண் பளிச்சென்றது. "ஒரு வாரமா? சத்தியமா?"

"சத்தியமா."

சிவப்பு ரம்பம் உறுமியது. வெண்ணெயில் கத்தி போல மரத்தில் இறங்கியது. ஆனால் விழுந்த வட்டு ஒரு பக்கம் தலையணை, மறுபக்கம் காகிதம். அத்தை அதைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். கையுறையைக் கழற்றிப் பித்தானைப் பிடித்தாள். இரண்டு போட்டாள். மூன்றாவது வழுக்கிக்கொண்டே போனது.

"பித்தான் சரியில்லை."

"மாமா போடும்போது மட்டும் சரியா இருக்குதோ?"

அடுத்தது மஞ்சள். நான்கு பித்தானோடு நின்றாள். மூன்றாவதாகக் கடைக்காரர் மூலையிலிருந்து ஒரு சாம்பல்நிற ரம்பத்தைக் கொண்டுவந்தார். சிவப்பைவிடச் சிறியது. அதன் கைப்பிடி இயந்திரத்தோடு இறுக்கி முடுக்கப்படாமல் ஸ்பிரிங்குகள்மேல் உட்கார்ந்திருந்தது. அத்தை ஆட்டிப் பார்த்தாள்.

"இது ஆடுதே! பல்லு ஆடுற கிழத்தை என் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"அது ஆடினாத்தாம்மா உங்க கை ஆடாது. சக்தியும் சிவப்புக்குக் குறைஞ்சதில்ல."

அந்த நேரம் பார்த்து ஒட்டகம் உள்ளே வந்தார். அவரும் மரம் அறுப்பவர்தான். நெடுநெடுவென்று வளர்ந்ததால் அந்தப் பெயர். பாதி ஊர் அவருக்கு, மீதி ஊர் அத்தைக்கு. எல்லையில் மரம் விழுந்தால் சண்டை.

"என்னக்கா, பொம்மை வாங்கறியா? பாப்பா விளையாடவா?" என்று என்னைக் காட்டிச் சிரித்தார்.

அத்தையின் கை சிவப்பை நோக்கித் திரும்பியது. கெஞ்சினால் கேட்கிறவளா? சீண்டினால்தான் கேட்பாள்.

"விடுங்க சித்தப்பா. அத்தை உங்களைப் பாத்துப் பயந்துட்டா" என்றேன்.

"யாருடி பயந்தா?" சாம்பலைப் பிடுங்கி, அதைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தாள்.

சத்தம் அதேதான். ஆனால் அவள் முழங்கையில், தோளில் வழக்கமாக ஓடும் நடுக்கத்தைக் காணோம். வட்டு விழுந்தது. சுவரில் இருந்ததைவிடத் தடிதான், ஆனால் சுற்றிலும் ஒரே தடிமன். அத்தை கையுறையைக் கழற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆறாவதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ, கடைக்காரர் மூச்சுவிட்ட சத்தம் கேட்டது. போட்டுவிட்டாள்.

"ஒரு வாரம்" என்று விரலை நீட்டினாள். நான் வாயை மூடினேன்.

ஒட்டகம் இன்னும் இளித்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்லா சிரிடா. இந்த வெரல் ரெண்டும் செத்து ஆறு மாசமாச்சு. கிளிப்பை மாட்டினாக்கூடத் தெரியல. என் வீட்டுக்காரர்தான் தினம் பித்தான் போட்டு விடறார். போய் ஊரெல்லாம் சொல்லு."

ஒட்டகம் சிரிப்பை நிறுத்தினார். பிறகு தன் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று பிரிந்தது. பித்தானே இல்லை. பள்ளிப் பையில் இருக்குமே, அந்த ஒட்டுப்பட்டை.

"போன வருஷமே என் வீட்டுல தச்சுக் குடுத்துட்டாக்கா" என்றார். "அந்தச் சாம்பலை நானும் ஒருதடவை பாக்கட்டுமா?"

அவர் ஒரு வட்டு அறுத்தார். நிறுத்தியபிறகும் ரம்பத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார். கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுதான் இருக்கு. அடுத்தது வர மூணு வாரம் ஆகும்."

இருவர் கையும் ஒரே கைப்பிடியில் இருந்தது. நான் ஒரு சண்டைக்குத் தயாராக ஒதுங்கினேன்.

அத்தை அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களெல்லாம் வெளுத்துக் கிடந்தன.

"டாக்டரம்மா நடுவுல ஓய்வு எடுக்கச் சொல்லிருக்காங்க" என்றாள். "மூணு வாரமும் ரெண்டு பேர் வேலையையும் சேர்த்தே பாப்போம். அரைமணி நீ, அரைமணி நான்."

"அப்ப எல்லைத் தகராறு?"

"மூணு வாரம் கழிச்சு வெச்சுக்கலாம்."

ஒட்டகம் தலையாட்டிக்கொண்டே ரம்பத்தைத் தோளில் ஏற்றப்போனார்.

"எங்க தூக்கறே?" கடையின் தகரக்கூரை அதிர்ந்தது. "முதல் அரைமணி நான்தான்டா!"