கமேலியா விருந்துக்குப் போன அன்று

எங்கள் மகன் வீட்டை விட்டுப் போய் அது மூன்றாவது குளிர்காலம். படிப்பைப் பாதியில் விட்டதற்காக நான் ஏசினேன். அவனும் திருப்பி ஏசினான். ஒரு பையோடு போனவன் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். அதன் பிறகு என் மனைவி வேலைக்கும் கடைக்கும் தவிர வேறெங்கும் போவதில்லை. கோயிலுக்குக்கூட.

நாங்கள் இருக்கும் ரெய்னர்ஸ் லேன் பகுதியில், தெருக்கோடியில் ஒரு சமூக மண்டபம் இருக்கிறது. குளிரில் பூக்கும் கமேலியாக்களுக்காகப் பெப்ரவரியில் அங்கே ஹை டீ என்ற மாலைத் தேநீர் விருந்து வைத்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா அந்த அறிவித்தலை எங்கள் கதவின் கடிதத் துவாரத்துக்குள் போட்டிருந்தார்.

"ஒரு மணித்தியாலம் இருந்திட்டு வருவம்," என்றேன்.

"எனக்கு ஏலாது. நீங்கள் போட்டு வாங்கோ."

"அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம். மகனைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அதற்குப் பிறகுதான் கோட்டை எடுத்துப் போட்டாள்.

மண்டபத்தில் மேசைக்கு மேசை கண்ணாடிக் கிண்ணங்களில் தண்ணீர் விட்டு, அயலவர்கள் தங்கள் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த பூக்களை மிதக்க விட்டிருந்தார்கள். முந்தைய நாள் உறைபனியில் வெள்ளைப் பூக்களின் ஓரம் பழுப்பேறிக் கிடந்தது. சிவப்புகள் தப்பியிருந்தன. அவள் குனிந்து ஒன்றை முகர்ந்தாள்.

"மணமில்லை," என்றாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை. இதழை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு ஸ்கோன் கேக்கைப் பிளந்து, ஜாம் பூசி, பாதியை என் தட்டில் வைத்தாள். இனிச் சரியாகிவிடும் என்றே நினைத்தேன்.

அப்போது எதிரே ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவராம். நாங்கள் பேசியது காதில் விழுந்ததும் "அட, தமிழா!" என்று முகம் மலர்ந்தார். ஹரோவில் வீடு, இரண்டு மகள்கள், மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் ஒரு பொய் இருந்தது. ஒரு மகன், பர்மிங்காமில் வேலை, லீவு கிடைப்பதில்லை. நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி சொன்னாள்:

"எங்களுக்குப் பிள்ளையள் இல்லை."



"ஐயோ, தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சிருங்க," என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்தார்.

"பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு என் மனைவி தேநீரைக் குடித்து முடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"வேறை என்னத்தைச் சொல்ல? இருக்கிறான் எண்டால் எங்கை எண்டு கேப்பினம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

"அவன் வருவான்."

"ஓம்," என்றாள், அடம்பிடிக்கும் குழந்தையைச் சமாளிப்பது போல.

அதன் பிறகு அவள் எங்கும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. யாராவது மகனைப் பற்றிக் கேட்டால் பர்மிங்காம் கதை இப்போது வாயில் வருவதில்லை. அந்தக் கதையில் அவனுக்கு ஒரு வேலை இருந்தது, வாடகைக்கு ஓர் அறை இருந்தது, சமைத்துச் சாப்பிடவும் பழகியிருந்தான். இப்போது "தெரியாது" என்கிறேன். கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.