தெலங்கானாக்காரனின் கிரேன்

இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசியில் நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஓர் இரும்புக் கம்பி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான், பி.காம். வேறு. திருவள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, வராத கடிதத்துக்குக் காத்திருந்தேன். ஆலையில் கீழே நின்று இரும்புக் கட்டைகளுக்குச் சங்கிலி மாட்டுவேன். அவற்றைத் தூக்கும் கிரேனின் கூண்டில், மேலே உட்கார்ந்திருந்தவன் ஒரு தெலங்கானாக்காரன். அவனும் பி.காம். எனக்குக் கிரேன் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான், சாப்பாட்டு நேரத்தில்.

முதலில் அந்தக் கூண்டின் மேல்தான் பொறாமைப்பட்டேன். அவன் ஊரில் தனி மாநிலப் போராட்டம் சூடுபிடித்ததும் பொறாமை வேறு இடத்துக்குப் போனது.

"எங்க வேலையெல்லாம் கடலோர ஆந்திராக்காரங்க எடுத்துக்கிட்டாங்க ரா. தனி மாநிலம் வரட்டும், நான் கவர்மெண்டு ஆபீஸ்ல உக்காருவேன்" என்பான். அவனுக்கு வேலை கிடைக்காததற்காக மாணவர்கள் சாலையில் படுத்திருந்தார்கள். எனக்குக் கிடைக்காததற்கு யார்மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் வாசல் டீக்கடையில் நானும் சொல்லிப் பார்த்தேன். "நம்ம நெலத்துலதான் கம்பெனி கட்டிக்கிறான். நம்மளுக்கு வேலை எங்க? நாமளும் தனி மாநிலம் கேக்கணும்."

"கேளு நைனா" என்றார் டீ மாஸ்டர். "தலைநகரம் எங்க வெச்சிக்கலாம்? ஆந்திரா பார்டர்ல, எளாவூர் செக்போஸ்ட்லயா?"

"இவன்தான் சி.எம்.மு" என்றான் பக்கத்திலிருந்த ஒருவன். "மொதல்ல எங்க தெருவுக்கு பஸ் வுடு."

எல்லோரும் சிரித்தார்கள். தெலங்கானாக்காரனும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே அவன் தம்பி கல்லூரியில் உண்ணாவிரதம் உட்கார்ந்துவிட்டதாக போன் வந்தது. காண்ட்ராக்டர் அன்று வரவில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "பத்து நாள்ல வந்துடுவேன்னு நீ சொல்லிடு ரா" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினான்.

மறுநாள் காண்ட்ராக்டர் கேட்டார். "எங்கடா அவன்?"

"ஊருக்குப் போயிட்டாண்ணா."

"எப்போ வருவான்?"

"வரமாட்டாண்ணா. அங்கியே கவர்மெண்டு வேலை வாங்கிக்கப் போறானாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "வெளியூர்க்காரனுங்கள நம்புனா இப்டித்தாண்ணா பேஜாரு. லோக்கல் ஆளுங்கள மேல ஏத்துங்க."

"உனுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்ணா." யார் கற்றுக்கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை.

ஏணி ஏறினேன். சில நாட்களில் தனி மாநிலம் தரப்போவதாக டெல்லியில் அறிவித்தார்கள். அவன் போன் செய்தான்; பின்னால் வெடிச் சத்தம். "வந்துடுச்சு ரா!" என்று கத்தினான். நான் கூண்டில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டேன். அவனுக்கு ஒரு மாநிலமே கிடைத்துவிட்டது, எனக்கு ஒரு நாற்காலிதானா என்று மனம் எரிந்தது. அவன் இடத்தில் நான் இருப்பதைச் சொல்லவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் டெல்லியில் பேச்சு மாறியது. இப்போதைக்கு ஒன்றும் நடக்காது என்று ஆனது. அவன் திரும்பி வந்தான்.

கீழே சங்கிலி மாட்டும் பையன்தான் மேலே பார்த்துக் கத்தினான். "அண்ணே, உன் தோஸ்த்து கேட்ல நிக்கிறான். காண்ட்ராக்டர் எடம் இல்லன்னுட்டாரு. உன்னப் பாக்கணுமாம்."

இரண்டு மணிக்கு என் ஷிப்ட் முடிந்தது. என்னை மாற்ற வந்த அடுத்த ஷிப்ட் ஆபரேட்டரிடம், "நானே டபுள் டூட்டி பாத்துக்கிறேன், நீ ஊட்டுக்குப் போ" என்றேன். எட்டு மணி நேரம் கீழே இறங்கவே இல்லை.

அடுத்த நாள் டீ மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமலே டீ ஆற்றினார். "உன் தோஸ்த்து நாலு மணி வரிக்கும் குந்திக்கினு இருந்தான். கிரேன்ல இப்போ யாருன்னு கேட்டான்."

"இன்னா சொன்ன?"

"லோக்கல் ஆளு ஒர்த்தன்னேன். 'அங்க லோக்கலா இருந்தும் கெடைக்கல, இங்க லோக்கல் இல்லன்னு கெடைக்கல'ன்னு சிரிச்சிக்கினே பஸ் ஏறிட்டான்."

வேலை போன வாசலில் நின்று அவனால் அப்படிச் சிரிக்க முடிந்ததே என்று அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவன் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிடவில்லை.