படத்துக்குப் போனவ மவ

எங்கள் ஊரில் யாரும் யாரோடும் ஓடிப்போனதில்லை. அந்தச் சொல்லையே எங்கள் சனம் வாயில் வைத்துக்கொள்ளாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு பெண் கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனாளோ, அதையே அவளுக்குப் பட்டமாகக் கட்டிவிடுவார்கள். மேலத்தெருவில் ஒருத்தி ‘தண்ணிக்குப் போனவ’. இன்னொருத்தி ‘சீயக்கா அரைக்கப் போனவ’. இந்த இரண்டாமவள் முப்பது நாற்பது வருஷம் கழித்துப் பேரன் பேத்தியோடு ஊருக்கே திரும்பி வந்து, ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் “சீயக்கா அரைக்கப் போனவளுக்கு ரசம் ஊத்துடா” என்றுதான் குரல் வந்தது. அவளும் முகம் கோணாமல் இலையைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள். ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தாட்சண்யத்தையும் இவ்வளவு கொடுமையையும் எப்படித்தான் அடைத்து வைக்கிறார்களோ!

என் அம்மா படத்துக்குப் போனவள்.

கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம் அது. சின்னசேலம் போகிற சாலையில் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லையை ஒட்டி ஒரு சினிமாக் கொட்டாய் இருந்தது. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது, கொட்டாயில் பாட்டுப் போட்டதும் அம்மா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, “படத்துக்குப் போயிட்டு வரேன்” என்று எங்களோடு இருந்த அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். படம் விட்டு எல்லோரும் வந்தார்கள். அவள் வரவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘படத்துக்குப் போனவ மவ’. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இருந்த பெயர் வாத்தியார்களோடு சரி.

பெரியவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். எனக்கு யார் விளக்கிச் சொல்வது? சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன். சந்தைக்குப் போனவர்கள் சந்தையில் இருப்பார்கள். படத்துக்குப் போனவள் படத்தில்தானே இருக்க வேண்டும்? ஒரு முறை அப்பாவிடமே கேட்டேன். அவர் அரிசி ஆலையில் வேலை செய்தார். தலை, புருவம், காது மடல் எல்லாம் தவிடாக வந்து உட்கார்ந்திருந்தார்.

“அம்மா எங்கப்பா?”

“படத்துக்குப் போச்சி” என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பாவே சொன்ன பிறகு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அப்பா கொட்டாய் இருந்த பக்கமே போகமாட்டார். ஆலைக்குக் கூட ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போவார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை பக்கத்து வீட்டுப் பெண்கள் பரிதாபப்பட்டு என்னைக் கூட்டிப் போனார்கள். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்ததும் நான் அம்மாவைத் தேட ஆரம்பித்துவிடுவேன். கதாநாயகியை விட்டுவிடுவேன். அவர்கள் வெள்ளைத் தோலாக இருந்தார்கள். அம்மா நல்ல கறுப்பு, ஆனால் கும்மியில் அவளை அடிக்க ஆளில்லை என்று அத்தை வாய் தவறி ஒரு நாள் சொல்லியிருந்தாள். ஆகவே கதாநாயகிக்குப் பின்னால் ஆடுகிற கூட்டத்தில் தேடுவேன். வீட்டில் அம்மாவின் புகைப்படம் ஒன்று கூட இல்லை. முகம் தெரியாமல் எப்படித் தேடுவது? அதனால் ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஆடுகிற ஒருத்தியை அம்மாவாக வைத்துக்கொள்வேன். பாட்டு முடிந்ததும் அவள் போய்விடுவாள். மிச்சப் படம் முழுக்க நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ஆறாம் வகுப்புக்கு என்னைக் கள்ளக்குறிச்சியில் சேர்த்தார்கள். அங்கேயும் எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் படித்ததால், என் பட்டமும் என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்வார்கள். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து, தூக்குவாளி மூடியில் தெரிகிற என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தின்பேன். யாரும் என்னை விரட்டவில்லை. கூப்பிடவும் இல்லை.

அந்த வருஷத்து ஆண்டு விழாவுக்குத் தையல் டீச்சர் ஒரு பாட்டு நாடகம் எழுதினார். சேலத்துக்காரர். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அந்தத் தாளத்தில் பாட்டுக் கட்டுவார். கதை இதுதான். ஒரு கொட்டாயில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போகிறது. திரையில் இருந்த கதாநாயகனும் கதாநாயகியும் வில்லனும் பின்னால் ஆடுகிற கூட்டமும் பிடிமானம் இல்லாமல் வெளியே, கரும்புக் கொல்லையில் வந்து விழுகிறார்கள். கதாநாயகனுக்கு டவுன் பஸ்ஸில் ஏறத் தெரியவில்லை. கதாநாயகிக்கு ரேஷன் கார்டு இல்லாததால் சர்க்கரை கிடைக்கவில்லை. வில்லன் மட்டும் கரும்பு வெட்டப் போய் நல்ல பேர் வாங்குகிறான். எல்லாமே பாட்டுத்தான்.

“கரண்டு போச்சு கரண்டு போச்சு
கதையும் நின்னு போச்சு – எங்க
கலரு சட்ட எல்லாம் இப்போ
கரும்புத் தோட்டம் ஆச்சு!”

ஒன்பது, பத்தாம் வகுப்பு அக்காக்களுக்குப் பெரிய வேடங்கள். கதாநாயகனுக்குக் கண்மையில் மீசை. கூட்டத்தில் ஆட ஆறாம் வகுப்பிலிருந்து குள்ளமானவர்களைப் பொறுக்கினார்கள். நான் கடைசி. இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரை. அதன் நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கிழித்து ஓரம் அடித்திருந்தார் டீச்சர். அந்தக் கிழிசல் வழியாகத்தான் ஒவ்வொருவராக வெளியே குதிக்க வேண்டும்.

படத்தில் இருப்பவர்கள் வெளியே வரலாம் என்பது அதுவரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

“டீச்சர், உள்ளேந்து மொத்தம் எத்தினி பேரு வருவாங்க?”

“பதினாறு பேர். எண்ணிக்கோ.”

“அதுக்கு மேல யாருனா வந்தா?”

டீச்சர் வாயில் ஊசி இருந்தது. எடுத்துவிட்டுச் சிரித்தார். “வரட்டுமே. மேடை பெருசாத்தானே இருக்கு.”

அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். வேட்டியில் தைத்த திரைக்குள்ளிருந்து அம்மா வருவாள் என்று பதினோரு வயதில் நம்பினாயா என்று கேட்டால், நம்பினேன் என்பது பொய். நம்பவில்லை என்றால் அது அதைவிடப் பெரிய பொய். பயிற்சியின்போது வராமல் போனதற்கு, விழா அன்றுதான் எல்லோரும் சரியான உடுப்பில் வருவார்கள் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிவைத்திருந்தேன்.

உடுப்புக்காக அவரவர் அம்மாவின் பழைய பட்டுப் புடவையைக் கொண்டுவரச் சொன்னார்கள். அத்தை தன் பெட்டியைத் திறந்து, புருஷன் செத்த பிறகு அவள் தொடாமல் வைத்திருந்த கூறைப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கூடக் கேட்காத அத்தை, அந்த வாரம் மட்டும் ஓயாமல் கேட்டாள்.

“எத்தினி மணிக்கு ஆரம்பிக்கறாங்க?”

“நாலு மணி.”

“கேட்டுல யாருனா நின்னு கேள்வி கேப்பாங்களா? இல்ல, யாரு வேணா உள்ள வரலாமா?”

“யாரு வேணா வரலாம் அத்த. ஏன், நீ வரியா?”

“எவ கண்டா” என்றாள். மறுநாள், மலைச் சனம் இறங்கி வருகிற சின்னசேலம் சந்தைக்கு ஒரு சாமானும் வாங்க வேண்டியில்லாமல் போய்விட்டு வந்தாள்.

விழா அன்று வெயில் இறங்காத நேரத்திலேயே மைதானம் நிறைந்துவிட்டது. அப்பா ஆலைக்குப் போய்விட்டார். அத்தை வந்திருந்தாள். முன்னால் பாய் விரித்திருந்தும் வராமல் கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். கும்பலைக் கண்டால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

திரைக்குப் பின்னால் ஒரு அக்கா தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு மிஷின் சத்தம் கொடுத்தாள். டப்பா நின்றது, கரண்டு போயிற்று. கதாநாயகன் குதித்தான், கதாநாயகி குதித்தாள், ஒவ்வொருவராகக் கூட்டமும் குதித்தது. பதினாறாவதாக நான். குதித்து, சபையைப் பார்த்துத் திரும்பி, கையைத் தட்டி ஆட வேண்டும். நான் திரும்பவில்லை. கிழிசலின் இரண்டு ஓரத்தையும் பிடித்து விலக்கி, உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது பதினேழாவது ஆள்.

பின்னால் பாட்டு ஓடியது. ஓரத்திலிருந்து டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது கேட்டது. கீழே யாரோ, “ஏ முதுவு! இந்தாண்ட திரும்பு!” என்று கத்த, மைதானமே சிரித்தது. வெளியே வந்தவர்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். இன்னொரு முறை எண்ணினேன். உள்ளே டப்பாவைப் பிடித்திருந்த அக்கா மட்டும், போ போ என்று கையை ஆட்டினாள். பாட்டு முடிகிற வரைக்கும் நான் முதுகைக் காட்டியபடியே நின்றேன். அது நாடகத்தில் ஒரு தமாஷ் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. அந்த மாலையிலேயே பெரிய கைதட்டல் என் முதுகுக்குத்தான் விழுந்தது.

பரிசு கொடுக்கிற நேரம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒரு பெண் வந்து முன்னால் நின்றாள். மெலிந்த உடம்பு, காலெல்லாம் செம்மண். வெயிலில் வேலை செய்கிறவள் என்று பார்த்ததும் தெரிந்தது.

“நீதான கடசியா குதிச்சவ?”

“ஆமா.”

“ஏம்மா முதுவக் காட்டிகினே நின்ன? அம்மாந் தொலவுலேந்து வந்து உம் முதுவத்தான் பாத்தேன்.”

கைதட்டாத ஒரே ஆள் இவள்தான் போலிருக்கிறது, குறை சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்தேன். “எந்த ஊரு அக்கா நீங்க?” என்றேன்.

“மேல. வெள்ளிமலப் பக்கம். அஞ்சரைக்கு பஸ்ஸு, அத வுட்டா இல்ல.” ஆனால் அவள் கிளம்புகிறாற்போல் இல்லை. “சொல்லு. அங்க இன்னா பாத்துகினு இருந்த?”

“எங்கம்மா வரும்னு பாத்தேன்.”

“எங்கேந்து?”

“உள்ளேந்து. அது படத்துக்குப் போச்சி.”

அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். “யாரு சொன்னது அப்பிடி?” என்றாள்.

“அல்லாரும்.”

“உங்கப்பாவுமா?”

“ஆமா.”

“வேற இன்னா சொல்வாரு?”

யோசித்துப் பார்த்தேன். “வேற ஒண்ணும் சொன்னதில்ல.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “ஆடி ஆடித் தலையெல்லாம் அவுந்து கெடக்குது பாரு, இப்படித் திரும்பு” என்று சொல்லி என்னை முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்து வலப் பக்கச் சடையைப் பிரித்தாள். சீப்பில்லாமல் விரலாலேயே கோதிப் பின்னினாள். நிதானமாக, ஒவ்வொரு புரியாக இழுத்து இழுத்துப் பின்னினாள். எனக்குப் பொறுமை போயிற்று. ஒரு சடையை முடித்து ரிப்பனும் கட்டி, இடப் பக்கத்தைத் தொட்ட நேரத்தில், மேடையில் இரண்டு பேர் ஏறித் திரையின் கயிற்றை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டேன்.

“வுடுங்க அக்கா, துணிய அவுக்கறாங்க!”

“இரும்மா, இந்த ஒண்ணு. ஒரே ஒண்ணு.”

“வுடுங்க!” என்று அவள் கையைத் தட்டிவிட்டு ஓடினேன். கடைசியாக ஒரு முறை பின்பக்கம் போய்ப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. திரைக்குப் பின்னால் கூழாங்கல் டப்பா இருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு கதாநாயகன் இருந்தான். வேட்டியை மடித்துக்கொண்டிருந்தவர்கள், “தள்ளு பாப்பா” என்றார்கள்.

திரும்பி வந்தபோது தொட்டியடியில் யாரும் இல்லை. சாலையில் பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. அத்தை கேட்டுக்கு வெளியே நின்று, மலைப் பக்கம் போகிற அந்தப் பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “பேசினியா?” என்றாள்.

“யார்கிட்ட?”

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வருகிற வரைக்கும் விடவில்லை.

வந்தது யார் என்று எனக்குச் சொல்ல, அப்புறம் ஏழெட்டு வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மறுநாள் காலையில் அத்தை எனக்குத் தலை வாரினாள். இடப் பக்கத்தைப் பிரித்து, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்துப் பின்னினாள். வலப் பக்கத்தைத் தொடவில்லை. “இது நல்லாத்தான் கீது, அப்பிடியே இருக்கட்டும்” என்றாள். அதற்கு மறுநாளும் அப்படித்தான். தலை முழுகுகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படித்தான். ராத்திரி அப்பா என் வலப் பக்கமாகவே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

எனக்கோ வெட்கம் பிடுங்கியது. ஒரு சடை வழவழவென்றும் ஒரு சடை மயிர் பிரிந்தும் பள்ளிக்கூடம் போனால் சிரிக்க மாட்டார்களா? எங்கள் அத்தைக்கு வயசாகிவிட்டது, பாதித் தலை வாருவதற்குள் சோம்பல் வந்துவிடுகிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.