தாலாட்டுக்குப் புதுக் கம்பி

கிடார் கம்பி வாங்க நான் படியேறிய கடைகளில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றேதான். "பையனுக்காம்மா?" எனக்குப் பையனே கிடையாது. இரண்டும் பெண்கள், இரண்டுக்கும் கிடாரைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆசையில்லை. "எனக்குத்தாங்க, நான்தான் வாசிக்கிறேன்" என்று சொன்னால் கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்ப்பார், என் கையிலிருக்கும் காய்கறிப் பையை ஒரு தடவை பார்ப்பார். முருங்கைக்காய் வாங்குகிறவள் கிடார் வாசிக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பெங்களூரில், ஆஸ்டின் டவுனில் இருந்தோம். எனக்கு ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. கல்யாணத்துக்கு முன்பே கற்றுக்கொண்ட கிடாரை நான் விடவில்லை. தெரிந்தவர் வீட்டு விசேஷம், ஆபீஸ் ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். டைப் அடிப்பதால் நகம் வளர்க்க முடியாது. அதனால் விரல் சதையாலேயே மீட்டுவேன். சத்தம் கொஞ்சம் அமுங்கித்தான் வரும், எனக்கு அது பிடிக்கும்.

என் அம்மாவுக்குப் பிடிக்காது. அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருந்தார். நான் கிடாரை எடுத்தாலே, "ஆரம்பிச்சிட்டாடா டொய்ங் டொய்ங்னு" என்பார். "இதெல்லாம் ஒரு பாட்டாடி? ரேடியோவுல வர்ற மாதிரியா இருக்கு?" பெட்டிக்குள்ளிருந்து வந்தால்தான் அம்மாவுக்குச் சங்கீதம். வீட்டுக்குள் பெற்ற மகள் வாசித்தால் அது சத்தம். இத்தனை வருடம் வாசித்ததெல்லாம் காற்றோடு போயிற்று. ஒரே ஒரு பாட்டு, என் கையால் வாசித்தது, ஒரு கேசட்டில் இருக்க வேண்டும், அதை அம்மா கேட்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆசைக்கு வழி வந்தது ஒரு பெயர் சூட்டு விழாவில். மல்லேஸ்வரத்தில் ஆபீஸ் தோழி வீட்டுக் குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரு தாலாட்டு மெட்டை வாசித்தேன். குழந்தை தூங்கியே போய்விட்டது. விருந்தாளியாக வந்திருந்த ஒருவர் கிட்டே வந்தார். கன்னடக்காரர், கேசட்டுகளுக்கு இசையமைக்கிறவர். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசினார். "மேடம், நான் ஜோகுள கேசட் பண்றேன், தாலாட்டுப் பாட்டு. ஒரு பாட்டுக்கு உங்க கிடார் மட்டும் போதும், வேற ஏனும் வேணாம். இதே சவுண்ட் பேக்கு எனக்கு."

இதே சவுண்ட் வேண்டும் என்று அந்த மனுஷர் வாய் திறந்து சொன்னார். என் காதிலும் விழுந்தது. ஆனால் எனக்குப் புரிந்தது, நான் வாசித்த விதம் அவருக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து கிடாரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பி மாட்டி ஒன்றரை வருடம் இருக்கும். தடித்த கம்பிகளின் சுருளில் எல்லாம் அழுக்கேறிக் கறுத்திருந்தது. சீ, இதை வைத்துக்கொண்டா ரெக்கார்டிங்குக்குப் போவது? தீபாவளிக்கு யாராவது பழைய புடவை கட்டுவார்களா? புதுக் கம்பி மாட்டியே தீருவது என்று கிளம்பினேன்.

அங்கே பிடித்தது சனி. எனக்கு வேண்டியது மெல்லிய கம்பி, வெண்கலச் சுருள் சுற்றினது. விரலால் மீட்டுகிறவளுக்கு அதுதான் சரி. தடித்த கம்பி, பிளெக்ட்ரம் என்கிற சின்னத் தகட்டை வைத்துக்கொண்டு பலமாக அடித்து வாசிப்பவர்களுக்கு. கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு கடைக்காரர் ஒரு காகித உறையை நீட்டி, "கிடார் வயர்தானேம்மா? எல்லாம் ஒண்ணுதான், லேலோ" என்றார். பிரித்துப் பார்த்தால் எலெக்ட்ரிக் கிடாருக்கானது. "இது கரண்ட் கிடாருக்குங்க" என்றேன். "நீங்க வாசிக்கிறதுக்கு இது போதும்மா" என்றாரே பார்க்கலாம்! நான் எப்படி வாசிப்பேன் என்று கனவு கண்டாரா? மல்லேஸ்வரத்தில் வீணையும் ஆர்மோனியமும் விற்கிற கடை ஒன்று. அந்தப் பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் வீணைக் கம்பியை வெட்டித் தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். இரண்டு சனிக்கிழமை அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஆபீஸில் ஒரு இன்ஜினியர் அமெரிக்கா போகிறார் என்று தெரிந்தது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மெல்லிய கம்பிக்கு 'லைட்' என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன். திரும்பி வந்தவர் பளபளப்பான ஒரு பாக்கெட்டைக் கொடுத்தார். அதில் 'மீடியம்' என்று போட்டிருந்தது.

"லைட் கேட்டிருந்தேனே சார்?"

"கடையில லைட்டும் இருந்துச்சு மேடம். அவ்வளவு தூரம் போயிட்டு எதுக்குக் கம்மியானதை வாங்கணும்னு ஒரு படி மேலயே வாங்கிட்டேன். பெஸ்ட் குவாலிட்டி."

கடல் தாண்டி வாங்கி வந்த மனுஷரிடம் சண்டையா போட முடியும்? ரொம்ப தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு, பாத்ரூமில் போய்ப் பல்லைக் கடித்தேன்.

ரெக்கார்டிங் அன்று காலை பழைய கம்பிகளைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக வெட்டினேன். சுருட்டிக் குப்பையில் போட்டேன், கார்ப்பரேஷன் வண்டி வந்து அள்ளிக்கொண்டும் போய்விட்டது. புதுக் கம்பி மாட்டி ஒரு தட்டு தட்டினதும் வீடே கணீரென்றது. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி இன்னிக்கு வெண்கலக் கடையில யானை பூந்த மாதிரி" என்றார். எனக்குப் பெருமைதான். இருங்கள், கேசட்டில் கேளுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்டூடியோ என்பது ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான். சுவரெல்லாம் கம்பளம். பாடகி, கீபோர்டுக்காரர், கண்ணாடிக்குப் பின்னால் ரெக்கார்டிங் இன்ஜினியர், எல்லோரும் தயார். நான் முதல் வரியை வாசித்ததுமே இசையமைப்பாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஹாகல்ல மேடம், அப்படி இல்ல. அன்னிக்கு வாசிச்ச மாதிரி."

"அதேதான் சார் வாசிக்கிறேன்."

"இல்ல இல்ல. இது ரொம்ப பளிச்சுனு இருக்கு. அன்னிக்கு மெத்தகெ இருந்துச்சே, பஞ்சு மாதிரி. கிடார் மாத்திட்டீங்களா?"

"கம்பி மட்டும் புதுசு சார். உங்க ரெக்கார்டிங்குக்காக" என்றேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, பழைய கம்பி எல்லி?"

எங்கே என்று சொல்வேன்? அந்த நேரம் வண்டி எந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்ததோ. அந்த அழுக்கும் துருவும்தான் அவருக்குப் பிடித்த சத்தம். என்னைக் கூப்பிட்டதே அதற்குத்தான். குப்பையில் போட்டுவிட்டு வந்து நிற்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

என்னென்னவோ செய்து பார்த்தோம். கம்பியில் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார் இன்ஜினியர், தடவினேன். கம்பிக்கு அடியில் கைக்குட்டையைச் செருகினேன், டொக் டொக் என்று கட்டைச் சத்தம் வந்தது. புதுக் கம்பி சுருதியில் நிற்கவும் இல்லை. நாலு வரிக்கு ஒரு தடவை இறங்கிக்கொண்டே போயிற்று. மீடியம் கம்பியை அழுத்தி அழுத்தி இடதுகை விரல்கள் சிவந்துவிட்டன. விரலை நகர்த்தும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் மைக்கில் விழுந்தது. தாலாட்டில் கீச் கீச்சென்றால் எந்தக் குழந்தை தூங்கும்? பாடகி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது கீபோர்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "சார், இதுல ஒரு கிடார் சவுண்ட் இருக்கு. போட்டுப் பார்க்கலாமா?"

ஒரு பட்டனை அழுத்தி ஒரு கட்டையைத் தொட்டார். பாவி மனுஷா! அச்சு அசல் என் பழைய கம்பிச் சத்தம். இசையமைப்பாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். ஆனால் கீபோர்டுக்காரருக்கு என் விரல் போகிற வரிசை வரவில்லை. "மேடம், கட்டைவிரல் முதல்ல வருதா, அப்புறமா? கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றார்.

கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். என் கோபத்துக்கு அதுதான் லாயக்கு. ஆனால் அது நான் கோத்து வைத்த வரிசை. அவர் கையில் அது கோணலாக வருவதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விரல் விரலாகச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை பிடித்துவிட்டார், கெட்டிக்காரர். பாடகியும் ஒரே டேக்கில் முடித்துவிட்டுப் போனார். நான் எண்ணெய்க் கையோடு பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

இரண்டு மாதம் கழித்து கேசட் தபாலில் வந்தது. இசையமைப்பாளர் நல்ல மனுஷர். அட்டையில், அந்தப் பாட்டுக்கு நேராக, கிடார் என்று போட்டு என் பெயரை அச்சடித்திருந்தார். பெரிய பெண் கன்னடம் படிக்கத் தெரிந்தவள், படித்துவிட்டுக் கத்தினாள். நான் தடுப்பதற்குள் டேப் ரெக்கார்டரில் போட்டும் விட்டாள்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் திருப்பிப் போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்ளோ நல்லா இருக்குடி! ஏண்டி, இப்படி வாசிக்கத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தனை வருஷமா வீட்டுல டொய்ங் டொய்ங்னு அடிச்சுக்கிட்டு இருந்த?"

"அது நான் இல்லம்மா" என்றேன்.

"உன் பேர் போட்டிருக்குன்னு கொழந்த படிச்சாளே."

"பேர்தாம்மா என்னுது. வாசிச்சது மெஷினு. நான் வாசிச்சதை வேணாம்னுட்டாங்க."

 அம்மா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்கிட்ட இதாண்டி கஷ்டம்" என்றார். "வாழ்க்கையில ஒரு தடவ நல்லா இருக்குன்னு சொல்றேன், அதுக்கும் சண்டைக்கு வர்ற."