அண்ணாச்சி வீட்டுக்கே திருப்பிவிட்ட தண்ணீர்

பக்கத்து வீட்டு அண்ணாச்சி போன வருடம் மாடியில் தகரக் கூரை போட்டார். அதில் வழியும் மழைத்தண்ணீர் முழுக்க எங்கள் அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. போன வாரம் அம்மா அதில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார்.

போய்ச் சொன்னேன்.

"மழ பெஞ்சா தண்ணி எங்கிட்டாவது போகத்தான செய்யும்?" என்றார்.

அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று தகரத் தகடு வாங்கி, பஸ்ஸில் ராஜபாளையம் கொண்டுவந்தேன். மொட்டைமாடியில் இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக இறுக்கி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தேன். முதல் தகடு கோணிப்போனது. இரண்டாவது என் விரலைக் கிழித்தது. மூன்றாவதுதான் வாய்க்கால் போல வந்தது. அவர் வாசல் பக்கம் சரிவாக வைத்து, ஜன்னலுக்கு மேலே பொருத்தினேன்.

இன்று காலை நல்ல மழை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி தொப்பலாக நனைந்தார்.

"ஏம்மா, தண்ணி பூரா எங்க வாசல்ல விழுதே!"

"உங்க கூரைத் தண்ணிதான அண்ணாச்சி. உங்ககிட்டயே அனுப்பிட்டேன்."

எழுந்து வந்து தகட்டை அண்ணாந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"தெருப்பக்கம் போற மாதிரி எனக்கும் ஒண்ணு வளைச்சுத் தாரியாம்மா?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். எத்தனை மழை வரைக்கும் யோசிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.